பேர் சுரண்டிய கேசட்

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் என் ஆபீஸ். வாசலில் 'கடலோரம் மியூசிக் பப்ளிஷிங்' என்று போர்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகை அடிக்க என்ன ரேட் என்று கேட்பார்கள். மீதிப் பேர், கடல் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது கடலோரம் எப்படி என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் நான் எரிந்து விழுவேன்.

பிறகு உட்காரவைத்து விளக்குவேன். ஒரு பாட்டு இருக்கிறது என்றால் அதை எழுதினவன் ஒருத்தன், மெட்டுப் போட்டவன் ஒருத்தன் இருப்பான். ரேடியோவோ செல்போன் கம்பெனியோ சினிமாக்காரனோ அந்தப் பாட்டை எடுத்தால், அவர்கள் பேரைப் போட வேண்டும், பங்கைக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கானா பாடுகிறவர்கள், சர்ச் பாட்டு எழுதுகிறவர்கள், பேண்டு செட்காரர்கள் என்று நூற்று நாற்பது பேர் என்னிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "நான் விக்கிறது பாட்டு இல்ல, பேரு" என்று சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். 2006 ஜூன் மாதம் ஞானதாஸ் அந்த மாடிப்படி ஏறி வரும் வரைக்கும் அந்த நிமிர்வில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞானதாஸ் அச்சரப்பாக்கத்துக்காரன். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான், ரோட்டு மேல் சின்னதாக ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். என் வயசுதான். எட்டு வருஷமாக என்னோடு பேச்சு இல்லை. வந்தவன் உட்காரக்கூட இல்லை. செல்போனில் ஒரு நம்பரை அடித்து என் காதில் வைத்தான்.

"கேளு."

மணி இரண்டு தடவை அடித்தது. முதல் அடி சரியான அடி, இரண்டாவது கொஞ்சம் பிசகின அடி. ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு அடியிலிருந்து சக்கரம் உருளுகிற மாதிரி தாளம் கிளம்பியது. 

"கடைக்கு வர்றவனுக்கு ரீசார்ஜ் ஏறிச்சானு பாக்க அடிச்சேன் மச்சான். ரிங் போற எடத்துல இது வருது. நாலு பேருக்கு அடிச்சா ரெண்டு பேரு இத்தத்தான் வெச்சிகினு கீறான். யாரு போட்டதுனு விசாரிச்சேன். டிஜே சிவராமாம். பாட்டு பேரு இன்னாவோ 'ப்ளூ ஷோரு'."

போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இது யாருதுனு உனுக்குத் தெரியும்ல?"

தெரியும். அவன் வீட்டைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஏன் அப்படி ஆனது என்பதைச் சொன்னால் என் மானம் போகும். போகட்டும், சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் நான் செங்கல்பட்டில் உலகநாதன் அண்ணாத்தையின் மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். குழாய் கட்டுவது, ஒயர் இழுப்பது, காதுகுத்து வீட்டில் சண்டை போடுவது எல்லாம் பழகினேன். தொண்ணூற்று ஆறில் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு ரிசார்ட்டுக்குப் பெட்டி கொண்டுபோனோம். மெட்ராஸ் டிஜே வரவில்லை. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்குப் பெட்டி தெரியும், பட்டன் தெரியும், எந்தப் பாட்டுக்குக் கால் தரையில் நிற்காது என்பதும் தெரியும். ஏறி நின்றேன். அடுத்த வாரத்திலிருந்து நான் டிஜே ஜானி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் ஜாம் செஷன். மெட்ராஸிலிருந்து கார் கட்டிக்கொண்டு வருவார்கள். ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவார்கள். வெள்ளைக்காரர்கள் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள், ஓசி பீருக்கு.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பாட்டு கையில் கிடைத்தால் முதல் வேலை அதன் பேரை அழிப்பது. சிடி என்றால் கறுப்பு மார்க்கர். கேசட் என்றால் பிளேடால் லேபிளைச் சுரண்டி, மிச்சத்தைத் தின்னர் வைத்துத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து ரிசார்ட் டிஜே யாரையாவது அனுப்புவான். "பாஸ், லைட்டர் இருக்கா?" என்று மேஜை மேல் சாய்ந்து லேபிளைப் படித்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த ஞாயிறு அதே பாட்டு அங்கே ஓடும், நம் கூட்டம் அங்கே ஆடும். இதில் கில்லாடி சிவராம். அணுபுரம் குவார்ட்டர்ஸ் பையன், அப்பா அணுமின் நிலையத்தில் ஆபீசர். எங்களுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி வாசித்தான். பேசிக்கொண்டே நம் கேசட் பெட்டியைக் கண்ணால் மேய்ந்துவிடுவான். நானும் அவன் பெட்டியை மேய்ந்தவன்தான், யோக்கியன் வேஷம் போட மாட்டேன்.

ஞானதாஸ் அந்தக் கேசட்டைக் கொடுத்தது தொண்ணூற்று ஏழில், மதுராந்தகத்தில் ஒரு சர்ச் விழாவில். நான் மைக் செட் போட்டேன், அவன் வாசித்தான். முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான். கேசட் லேபிளில் குண்டு குண்டான எழுத்தில் 'அச்சரப்பாக்கம் கேட்' என்று எழுதி, கீழே அவன் பேர், அப்பா பேர், தேதி எல்லாம் போட்டிருந்தான். அவன் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். கேட் சாத்துகிறபோது அடிக்கிற மணியில் ஒரு ஓரம் விரிசல், அதனால்தான் இரண்டாவது அடி பிசகும். அப்போது மீட்டர் கேஜ். அந்த ரயில் கேட்டைத் தாண்டுகிற தாளத்தை அப்படியே கீபோர்டில் பிடித்திருந்தான். கீபோர்டு சர்ச்சுடையது. சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தபோது பாடகர் குழுத் தலைவர் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார். அதனால் இருந்தது அந்த ஒரே கேசட்.

"இத்தப் போட்டா ஆடுவாங்களா மச்சான்?"

ஆடினார்களா? நாலரை மணிக்குப் போட்டேன். மணி அடித்ததும் எல்லோரும் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாளம் விழுந்ததும் நீச்சல் குளத்தில் இருந்தவன்கூட ஏறி வந்து ஈரத்தோடு ஆடினான். முடிந்ததும் மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர். "ஜானி, யாரோடது? எந்த ஊரு?"

லேபிளைக் காலையிலேயே வேனில் உட்கார்ந்து சுரண்டியிருந்தேன். சுரண்டும்போது ஒன்றும் தோன்றவில்லை, கை பழக்கம். ஆனால் கேட்டபோது வாயில் வந்த பொய் பழக்கம் இல்லை. "கோவாலேர்ந்து. ஒரு ஜெர்மன்காரன் குடுத்தான்" என்றேன். அச்சரப்பாக்கத்தில் ரயில்வே கேட் பக்கத்துக் காலனியில் இருப்பவன் போட்டது என்று சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்தேன். நானும் அப்படி ஒரு காலனியிலிருந்து வந்தவன்தான். அதனால்தான் அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இரண்டு வருஷம் அதுதான் நாலரை மணிப் பாட்டு. 'கோவா நாலரை' என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். ஞானதாஸ் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்.

"மைக்ல ஒரு தபா சொல்லேன் மச்சான். 'இது நம்ம ஞானதாஸு போட்டது'னு. அவ்ளோதான்."

"சொல்றேன்டா. சீசன் முடியட்டும்."

மைக் என் கையில்தான் இருந்தது. வழியை மறித்து நிற்கிற வெள்ளை மாருதியை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். யாரோ தொலைத்த ஒற்றைக் கம்மலுக்கு மூன்று தடவை அறிவிப்புக் கொடுத்திருக்கிறேன். அவன் பேரை மட்டும் சொல்லவில்லை.

தொண்ணூற்று எட்டில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் பேர் எல்லம்மாள், சூணாம்பேடு பக்கம். கல்யாணமான இரண்டாவது வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு ரிசார்ட்டுக்கு வந்துவிட்டான், இப்போது நாமும் ஜோடிதானே என்று. வாட்ச்மேன் அவர்கள் காலைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், விடவில்லை. அவர்கள் சுற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் மதில் சுவருக்கு வெளியே நின்றார்கள். சுவர் இடுப்பு உயரம்தான். நாலரைக்கு நான் பாட்டைப் போட்டேன். அவன் பக்கத்தில் நின்ற சுண்டல்காரனிடம் ஏதோ சொல்லி, உள்ளே கையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். சுண்டல்காரன் சிரித்தான். பிறகு ஞானதாஸ் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினான். எல்லம்மாளும் ஆட்டினாள்.

நான் பார்த்தேன். குனிந்து ஹெட்போன் ஒயரைச் சரிசெய்கிற மாதிரி இருந்துவிட்டேன். இதை எழுதும்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதோடு அவன் என்னிடம் பேசுவதை விட்டான்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு மலரில் என்னைப் பேட்டி எடுத்து, கலர் போட்டோவோடு போட்டார்கள். அந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டார்கள். அதே ஜெர்மன்காரனைச் சொன்னேன். அச்சில் வந்ததை லேமினேட் பண்ணி வீட்டில் மாட்டினேன்.

இரண்டாயிரத்தில் ஜாம் செஷனை நிறுத்திவிட்டார்கள். ரிசார்ட் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. நான் கேசட் வெளியிட ஆரம்பித்தேன், கானா, கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாம். அதில் சதுரங்கப்பட்டினத்து டெய்லர் சாலமோன் எழுதின ஒரு பாட்டை மெட்ராஸ் கம்பெனி ஒன்று வேறு பேர் போட்டு விற்றுவிட்டது. மனுஷன் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அப்போதுதான் வக்கீல் விஷாகாவைப் போய்ப் பார்த்தேன். திருக்கழுக்குன்றத்துப் பெண், செங்கல்பட்டு கோர்ட்டில் பிராக்டிஸ். ஒரே நோட்டீஸில் அந்தக் கம்பெனியைச் சாலமோன் பேர் போட வைத்தார். "இதுக்குன்னே ஒரு தொழில் இருக்கு ஜான்சன், வெளிநாட்டுல பெரிய தொழில்" என்று அவர்தான் சொன்னார். ஒப்பந்தப் படிவமும் அவர் எழுதிக் கொடுத்ததே. இரண்டாயிரத்து மூன்றில் போர்டு மாட்டினேன். பேர் திருடுகிறவனைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். போனிலேயே கத்துவேன், கம்பெனி வாசலில் போய் உட்காருவேன். அவ்வளவு கொதிப்பிலும் ஞானதாஸ் ஞாபகம் எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. 

இப்போது அவன் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"வுட மாட்டேன் மச்சான்" என்றேன். "உம் பேரு வராம இந்த ஜான்சன் தூங்க மாட்டான். நான் போயி சொல்றேன், இது உன்னுதுனு. நான்தான் சாட்சி."

"நீ சொன்னாப் போதும்" என்றான். "வேற எதுவும் வேணாம்."

அந்த இடத்தில் நான் எழுந்து நேராக வக்கீலிடம் போயிருக்க வேண்டும். என் கை டிராயரைத் திறந்தது. படிவத்தை எடுத்தது. யாரும் கையெழுத்துப் போடாமல் இந்த மாடிப்படி இறங்கக்கூடாது என்பது என் பழக்கம், மூன்று வருஷத்தில் ஊறிப்போனது. பாட்டு: அச்சரப்பாக்கம் கேட். இசை: ஞானதாஸ். வெளியீட்டாளர் பங்கு நூற்றுக்கு முப்பது. டைப் அடித்து நீட்டினேன். அவன் பங்கு எவ்வளவு என்று பார்க்கவே இல்லை. தன் பேர் இருந்த வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். அவன் போனதும் சூடு ஆறுவதற்குள், ஒப்பந்தத்தை இணைத்து அந்த செல்போன் பாட்டுக் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அடித்தேன்.

மறுநாள் விஷாகாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், சுரண்டினது, ஜெர்மன்காரன், சுவர், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆதாரம் என்ன இருக்கு?"

"கேசட் இருக்கு மேடம். ஆனா பேரு இல்ல. மத்தபடி நான்தான் ஆதாரம். எனக்குத்தான் தெரியும்."

"நல்லது. நீங்க அந்தப் பாட்டை ரிசார்ட்டுல ஓட்டினவர், உங்களுக்கு இதுல ஒரு லாபமும் இல்ல. நீங்க பொய் சொன்னேன்னு தானா வந்து ஒத்துண்டா, அதுக்கு நிறைய மதிப்பு இருக்கும்." பேனாவைத் திறந்தவர் ஒப்பந்தத்தைப் பார்த்தார். "இது என்ன?"

"கையெழுத்து வாங்கிட்டேன் மேடம்."

"எப்போ?"

"நேத்து. வந்தவுடனே."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நேத்து காலைல வரைக்கும் நீங்க சாட்சி. இப்போ நீங்க பங்குதாரர். அவர் ஜெயிச்சா உங்களுக்கு முப்பது பர்சென்ட். உங்க வார்த்தையை யார் எடுத்துப்பா?"

"கிழிச்சுப் போட்டுடறேன்."

"ஃபேக்ஸ் போயாச்சே. இப்போ கிழிச்சா, மாட்டிண்டப்புறம் கிழிச்சான்னு சொல்லுவா." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அவர் உங்ககிட்ட கேட்டது வாயால ஒரு வார்த்தை. நீங்க ஏன் பேப்பரை எடுத்தீங்க?"

நான் மேஜை மேல் கிடந்த ஒப்பந்தத்தை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

ஜூலையில் சிறுசேரிக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி, பல் கிட்டும்படி ஏசி. ஞானதாஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கம்பெனியின் சட்ட அதிகாரி கல்யாணி என்று ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், மரியாதையாகத்தான் பேசினார். எதிர்ப் பக்கம் சிவராம். தலை முன்னால் வழுக்கை விழுந்திருந்தது. என்னைப் பார்த்து "ஜானி" என்று கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

சிவராம் சொன்னது சுருக்கம். அந்தக் காலத்தில் இந்தக் கடலோரம் முழுக்க ஒரு ஜெர்மன் டிராக் சுற்றிக்கொண்டிருந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அதைக் காதில் கேட்டு, புதிதாக வாசித்து, புதிதாக அமைத்திருக்கிறான். அமைப்பு அவனுடையது.

"ஜெர்மன்காரனே கிடையாது மேடம்" என்றேன். "நான் சொன்ன பொய் அது."

கல்யாணி ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் கலர் போட்டோ. நான் லேமினேட் பண்ணி மாட்டின அதே பக்கம்.

"இது நீங்கதானே சார்?"

"நான்தான்."

"எப்ப சார் பொய் சொன்னீங்க? அப்பவா, இப்பவா?" கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அப்ப உங்களுக்கு இந்தப் பாட்டுல ஒரு பங்கும் இல்ல. இப்ப முப்பது பர்சென்ட் இருக்கு. நான் எதை எடுத்துக்கறது?"

கேசட்டைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லையே."

"அவன் பேரு இருந்திச்சு. நான்தான் பிளேடால சுரண்டிட்டேன்."

 சிவராம் அந்தக் கேசட்டைப் பார்த்தான். அவனும் நூறு கேசட் சுரண்டினவன். பிளேடு போன கோட்டைப் பார்த்ததுமே நான் சொல்வது உண்மை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது அவன் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் குடித்தான்.

ஞானதாஸ் முதல் முறையாகப் பேசினான். "மேடம், அந்த மணி எங்க கேட்டு மணி. ஓரத்துல வெடிப்பு கீது. அதனாலதான் ரெண்டாவது அடி அப்டி வருது."

"அந்த மணி இப்ப இருக்கா சார்?"

"இல்ல. லைன் மாத்துனப்போ கழட்டிட்டாங்க."

"ஒரு கீபோர்டு குடுங்க, வாசிச்சுக் காட்றேன்" என்று ஞானதாஸே தொடர்ந்தான்.

"சிவராம் சாரும் வாசிப்பாரே" என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், ஃபைலை மூடினார். கோர்ட் வேறு மாதிரி சொல்லும் வரைக்கும் பாட்டு இப்போது இருக்கிற பேரிலேயே இருக்கும் என்றார். கோர்ட்டுக்குப் போனாலும் இதே தாளைத்தான் நீட்டுவார்கள் என்று விஷாகா முன்னமே சொல்லியிருந்தார்.

திருப்போரூரில் செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நின்றோம். நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். அப்பீல், பத்திரிகை, சிவராமை நேரில் போய்ப் பார்ப்பது என்று என்னென்னவோ சொன்னேன். ஞானதாஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"வுடு மச்சான். அன்னிக்கு நீ ஒரு தபா மைக்ல சொல்லியிருந்தினா, நானூறு பேரு சாட்சி எனுக்கு."

செங்கல்பட்டு பஸ் வந்தது, ஏறினோம்.

இரண்டு வாரம் கழித்து, ஒப்பந்தத்திலிருந்து அவனை விடுவித்து ஒரு கடிதம் டைப் அடித்து எடுத்துக்கொண்டு அச்சரப்பாக்கம் போனேன். தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. மத்தியானம், கடையில் கூட்டம் இல்லை. கடிதத்தைப் படித்தான், மடித்து ரீசார்ஜ் கார்டுகளுக்கு அடியில் வைத்தான். எல்லம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். அந்தச் சுவருக்கு வெளியே நின்று எனக்குக் கை ஆட்டின பெண். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அந்தப் பாட்டு போனாப் போவுது மச்சான்" என்றேன். "வேற எதுனா போட்டியா, அப்பால?"

"நெறைய கீது."

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கம்ப்யூட்டர், தவணையில் வாங்கின கீபோர்டு, ஒரு மைக். முப்பத்தெட்டு பாட்டு வைத்திருந்தான். இத்தனை வருஷமும் கடையைச் சாத்தின பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறான். யாருக்கும் காட்டியதில்லையாம். ஒன்றைத் தட்டிவிட்டான்.

நெல் மெஷின் ஓடுகிற சத்தத்திலிருந்து ஆரம்பித்தது. அதன் மேல் ஒரு தவில் அடி, அதன் மேல் ஒரு ஒற்றை மெட்டு, போகப் போக ஏறிக்கொண்டே போனது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். நாலு வருஷம் ஜனங்களை ஆடவைத்தவன் நான், எனக்குத் தெரியாதா? இது அந்த ரயில்வே கேட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இதை வெளியே விட்டால் சிவராமாவது ஒன்றாவது. இந்தத் தடவை அவன் பேரை நானே ஊர் முழுக்கப் போஸ்டர் அடிப்பேன். மெட்டு உச்சிக்குப் போய், எல்லாம் ஒரு கணம் நின்று, கீழே விழப்போகிற இடம் வந்தது. ஆடுகிறவன் கையைத் தூக்குகிற இடம்.

அங்கே ஞானதாஸின் குரல் வந்தது.

"அச்சரப்பாக்கம் ஞானதாஸ். தகப்பன் பேரு முத்துசாமி. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஒம்பது, மார்ச்சு பதினாலு."

நிதானமாக, ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் சொல்கிற மாதிரி. அதற்குள் தாளம் விழுந்துவிட்டது, ஒருத்தனும் கையைத் தூக்க முடியாது. கொஞ்சம் போனதும் மறுபடியும் பேர், ஊர், அப்பா, தேதி. அடுத்த பாட்டைப் போடச் சொன்னேன். அதிலும் வந்தது. அதற்கடுத்ததிலும். எங்கே மெட்டு நன்றாக இருந்ததோ சரியாக அங்கே வந்தது. வேறு இடத்தில் பேசியிருந்தால் வெட்டி எடுத்துவிடலாம். இதை எடுத்தால் பாட்டே போய்விடும்.

"கொரலு இல்லாத காப்பி வெச்சிருப்பியே?"

"கெடயாது. வாசிக்கும்போதே பேசிடுவேன். ஒண்ணாத்தான் ஏறும்."

"முப்பத்தெட்டுமா?"

"முப்பத்தெட்டும்."

"இப்டி இருந்தா எவன்டா வாங்குவான்? எவன் ஆடுவான்? மறுபடி வாசிடா மச்சான், பேசாம வாசி. நான் இருக்கேன்ல? இனிமே எவனும் தூக்கினு போவ மாட்டான்."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. கரண்ட் போகும், அதனால் மெழுகுவர்த்தி வாங்கி வைத்தேன் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"நீ இருக்கேன்னுதான்டா பேசி வெச்சேன். அந்தக் கேசட்ட வேற யார் கையில குடுத்தேன் நான்?"

வெளியே யாரோ பத்து ரூபாய் கார்டு கேட்டார்கள். அவன் எழுந்து போனான். நான் உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அவன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தது.